ஓடிய பிள்ளைக்குச் சுவரில் ஓர் இடம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர், தம் வகுப்புத் தோழியர் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று எமது வகுப்புத் தோழியர் கூடிப் பேசினோம். முடிவில் மரவேலை ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். ஓட்டப் போட்டிகளில் பங்குபற்றும் பிள்ளைகள், தம் பதக்கங்களைத் தொங்கவிடத் தம் கையாலேயே ஒரு பலகை செய்யக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்.

எமது வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். பட்டமளிப்புப் படம் கண்ணாடிச் சட்டத்துள் இருக்கும். 100 மீற்றர் ஓட்டத்தில் வென்ற பதக்கமோ அலுமாரி லாச்சிக்குள் கிடக்கும். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் பரீட்சைப் பெறுபேறும் கைப்பையில் எம்முடன் வந்தன. பதக்கங்கள் வரவில்லை. அன்று அதுவே சரியான தெரிவு. ஆனால் அமைதியான காலத்திலும் "சாதாரண தரம் வருகுது, ஓடினது போதும்" என்ற குரல் பல வீடுகளில் கேட்கிறது. பெண்பிள்ளையின் ஓட்டம் பெரும்பாலும் அந்த வயதோடு நின்றுவிடுகிறது.

5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை நன்கு இயக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எலும்பு உறுதி சேரும் காலமும் அதுவே. நீரிழிவோடும் முழங்கால் நோவோடும் எம்மிடம் வரும் தாய்மார் சிலர், "பள்ளிக்கூடத்தில நான் நல்லா ஓடுவன், டொக்டர்" என்று சொல்லும்போது அவர்களின் முகம் மலர்வதைக் காண்கிறோம்.

இனிச் செய்முறை. பழைய ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய பனஞ்சிலாகை கிடைத்தால் அதுவே நல்லது. வயிரமான பனையைக் கறையான் இலகுவில் அண்டாது. 24 அங்குல நீளத்துக்கு அறுத்து, முதலில் 80 இலக்க அரத்தாளாலும் பின்னர் 120, 220 இலக்கத் தாள்களாலும் நார் ஓடும் போக்கிலேயே தேய்க்கவேண்டும். பனஞ்சிராய் கையில் ஏறினால் எடுப்பது கடினம், கையுறை அவசியம். அடிமட்டம் வைத்து 3 அங்குலத்துக்கு ஒன்றாக அடையாளமிட்டால் ஏழு கொழுக்கிகளுக்கு இடம் வரும். பனையில் நேரே ஆணி அடித்தால் பிளக்கும். ஆகவே சிறிய துளையிட்டு, கொழுக்கியின் புரியில் சிறிது சவர்க்காரம் பூசித் திருகுங்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். பித்தளைக் கொழுக்கியே நல்லது. இரண்டு தடவை வார்னிஷ் பூசிக் காயவிட்டு, சுவரில் றோல் பிளக் வைத்துத் திருகாணியால் பொருத்துங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். ரிப்பன் நிறம் மங்கும்.

பதக்கம் கிடைக்காத பிள்ளையும் இதைச் செய்யலாம். உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப் ஒன்றைப் பலகையில் ஒட்டினால், அவள் அணிந்து ஓடிய இலக்கத் துணியைக் கொழுவலாம். கடைசியாக வந்தவளும் முழுத் தூரத்தையும் ஓடியவள்தான்.

சுசந்திகா ஜயசிங்க 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். முதலிடம் பெற்றவர் ஊக்கமருந்து விவகாரத்தில் பதக்கத்தை இழந்ததால், பல ஆண்டுகளின் பின் அது வெள்ளியாயிற்று. ஓடி முடித்த ஓட்டத்துக்கும் பெறுமதி பின்னால் கூடலாம்.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பலகையை உள்ளறையில் மாட்டாதீர்கள். விருந்தினர் வந்து அமரும் முன் விறாந்தையில், பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், பிள்ளையின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். ஏழு கொழுக்கிகளில் ஐந்து வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வருடமும் ஓடலாம் என்று வீடு அவளுக்குச் சொல்வதாக அது இருக்கும்.

மரமும் கொழுக்கிகளும் நாம் தருகிறோம். விரும்பும் மாணவியர் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் பெயரைக் கொடுங்கள்.