எடுத்த இடத்தில் வைத்தல்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகட்கு வீட்டொழுங்கு கற்பித்தல்பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். சட்டையை மடிப்பதும் புத்தகத்தை எடுத்து வைப்பதும் அவையிற் பேசத்தக்க பொருளோ எனச் சிலர் நகைத்தல் கூடும். யானும் முன்னர் நகைத்தவனே.

என் மகனுக்கு வயது 9, மகளுக்கு 12. காலைதோறும் மகனது கணக்குப் புத்தகம் காணாமற்போகும். யான் உரத்துக் கடிவேன். அவன் விழித்து நிற்பான். மகள் எங்கிருந்தோ அதனைக் கொணர்ந்து கொடுப்பாள். வீடு அமைதியுறும். பல திங்கள் இவ்வாறே சென்றன. ஒருநாள் மகளின் பள்ளிக் குறிப்பேட்டில் ஒப்பமிடப் புகுந்தபோது, அத்திங்களில் அவள் 7 நாள் காலந்தாழ்ந்து சென்றமை கண்டு காரணம் வினவினேன். "தம்பி புத்தகத்தைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தானே அப்பா போகிறேன்" என்றாள். ஊரார் பிள்ளைகட்கு நேரந்தவறாமை கற்பிக்கும் எனக்கு அன்று வாய் எழவில்லை.

நிற்க. ஒழுங்கு சிறுவர்க்கு இயல்பன்று, அதட்டிப் புகட்டுவதே என்பது நம்மவர் துணிபு. இதற்கு மாறான சான்று ஒன்றுண்டு. இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார், 1907ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ரோம் நகரத்துச் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஒரு சிறார் இல்லம் தொடங்கினார். பயிற்சிக் கருவிகளை அலமாரியினின்று எடுத்துக் கொடுப்பதும் மீள வைப்பதும் ஆங்கு ஆசிரியையின் தொழில். அவர் மீள வைக்குந்தோறும் குழந்தைகள் சூழ்ந்துவந்து நோக்கினர். விலக்கினும் மீண்டும் வந்தனர். தாமே எடுத்து வைக்க அவாவுகின்றனர் என அம்மையார் உணர்ந்தார். ஒருநாள் அலமாரி பூட்டப்படாதிருந்தது. ஆசிரியையும் காலந்தாழ்த்து வந்தார். அதற்குள் குழந்தைகள் வேண்டியவற்றைத் தாமே எடுத்துப் பணி செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை அதனைக் களவென்றார். அம்மையாரோ அதன்பின் உயரங்குறைந்த அலமாரிகளை அமைத்தார். 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சி அளித்தவரும் இவரே.

இதனை எண்ணியபின் என் வீட்டை நோக்கினேன். மாடம், பரண், கொடி யாவும் என் கைக்கு எட்டுவன. சுவரலமாரியின் கீழ்த்தட்டிலோ என் பழைய விடைத்தாட் கட்டுகள்! மகனுக்கு எட்டிய இடம் தரை ஒன்றே. அவன் தரையிற் போட்டான். கட்டுகளை அகற்றி, அத்தட்டை இரண்டாகப் பகுத்து இருவர்க்கும் அளித்தேன். பை மாட்ட அவன் தோளுயரத்தில் ஓர் ஆணி அறைந்தேன். தம்பியின் பொருளைத் தமக்கை தொடலாகாது என்றும் விதித்தேன். முதல் வாரம் என் மனைவியார் மறைவில் எடுத்து வைத்துவிட்டார். தாய்க்கை சும்மா இராதன்றோ! அவரையும் வேண்டி நிறுத்தியபின், மகன் இரண்டு நாள் புத்தகமின்றிச் சென்று வகுப்பில் நின்றான். எனக்கும் வருத்தமே. மூன்றாம் நாள் மாலை புத்தகம் தட்டில் இருந்தது. சட்டை இன்னும் கொடியேறவில்லை. மகள் காலந்தாழ்வதில்லை.

நம் சங்கத்து மாணவர் விடுதிக்கு வரும் சிறுவருள் பாய் சுருட்ட அறியாதார் பலர் எனக் காப்பாளர் கூறக் கேட்டேன். அவர்தம் இல்லங்களில் அப்பாயைச் சுருட்டிய கை யாருடையது என்பது ஈண்டுள்ள தாய்மார்க்குத் தெரியும். விடுதிக்குப் புதிதாகச் செய்யவிருக்கும் அலமாரிகள் சிறு பையன்களின் கைக்கு எட்டுமாறு அமைதல் வேண்டும். தச்சர் அளவெடுக்க வருமுன் சங்கத்தார் இதனை அவரிடம் கூறுமாறு வேண்டிக்கொள்கிறேன்.