விண்கலத்து வீரரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரவாடாவில் தமிழ் விழா எடுத்தால் வள்ளுவரையும் இளங்கோவையும் பாரதியையும் பேசுவதே நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ தொலைக்காட்சியில் வந்த ஒரு விண்வெளிக் கதை. "இதற்கா ஆண்டு விழா மேடை?" என்று சிலர் புருவத்தை உயர்த்துவதைக் காண்கிறோம். உயர்த்துங்கள், தடையில்லை. நம் கதைத் தலைவன் பெரும்புகழ் பெற்றதே ஒரு புருவத்தை உயர்த்தித்தான்!

நிகழ்ந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறோம். சில திங்களுக்கு முன் நம் இளைஞர்கள் ஒரு பட்டிமண்டபம் நடத்த விரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த தலைப்பு, "ஸ்டார் டிரெக் தொடரில் விஞ்சி நிற்பவர் கிர்க்கா, ஸ்பாக்கா?" என்பது. செயற்குழுவில் பெரும் பூசல் எழுந்தது. "தமிழ் வளர்க்க வைத்த சங்கத்தில் அயல்நாட்டுக் கேளிக்கைக்கு இடமா?" என்று மூத்தவர் ஒருவர் வெகுண்டார். முடிவில் ஒரு நிபந்தனையோடு இசைவு கிடைத்தது. முழுவதும் தமிழிலேயே பேசவேண்டும். பிறமொழிச் சொல் ஒன்று தவறி வந்தாலும் ஒரு மதிப்பெண் குறையும். நடுவர் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது.

அறியாதார்க்குச் சில சொற்கள். இத்தொடர் அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி, 1969 ஜூன் வரை 79 பகுதிகளாக வந்தது. 1980களில் நம் தூர்தர்ஷனும் இதை ஒளிபரப்பியது. ஒரு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் தெருவே கூடி உட்கார்ந்த காலம் அது. எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தின் தலைவன் கிர்க். நடித்தவர் வில்லியம் ஷாட்னர். அவனுக்கு அடுத்த நிலையில் இருப்பவன் ஸ்பாக். நடித்தவர் லெனார்ட் நிமாய். ஸ்பாக்கின் தந்தை வல்கன் என்னும் வேற்றுக் கோளைச் சேர்ந்தவர்; தாயோ நம் மண்ணுலகப் பெண். வல்கன் மக்கள் உணர்ச்சியை அடக்கி அறிவின்வழி மட்டுமே ஒழுகுபவர்கள்.

கிர்க் அணியினர் முதலில் எழுந்தார்கள். "உணர்ச்சியில்லாத முகத்தைக் காட்டுவதற்கு நடிப்பு எதற்கு? சுவரும் அதைச் செய்யுமே!" என்று ஒரு தம்பி கேட்டபோது அவை சிரித்தது. ஷாட்னர் கனடாவின் ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் பயின்றவர் என்பதையும், உடல் முழுவதையும் குரல் முழுவதையும் கொடுத்து நடிப்பவர் என்பதையும் அவன் எடுத்துரைத்தான். நம் வீரபாண்டிய கட்டபொம்மனில், 1959-ஆம் ஆண்டு, சிவாஜி கணேசன் முழங்கிய முழக்கத்தை நினைவூட்டி, "அதனை மிகை என்பீர்களா?" என்று மடக்கினான்.

ஸ்பாக் அணிக்குத் தலைமை தாங்கிய பெண் தொல்காப்பியத்தைக் கையிலெடுத்தாள்! நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாட்டையும் வரிசை தவறாமல் சொன்னாள். "எட்டும் கையில் இருந்தால் யாரும் நடிக்கலாம். ஏழையும் பூட்டிவைத்துவிட்டு, மருட்கை ஒன்றை மட்டும் ஒற்றைப் புருவத்தால் காட்டி, மற்ற ஏழும் உள்ளே இருப்பதை நமக்கு உணர்த்துவதன்றோ அருமை?" என்றாள். அவை கைதட்டியது. முதலில் வெகுண்ட பெரியவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து வந்த சிறுவன் ஓரிடத்தில் தடுமாறினான். ஸ்பாக் அடிக்கடி சொல்லும் அந்தச் சொல்லுக்கு, ஆராய்ந்து முறைப்படி முடிவு காணும் அறிவுநெறிக்கு, அவனுக்குத் தமிழ்ச்சொல் வாய்க்கவில்லை. ஆங்கிலச்சொல் நாவின் நுனியில் நின்றது. மதிப்பெண் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டான். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏரணம் என்று சொல்லப்பா, தருக்கம் என்றாலும் சரிதான்" என்றது. குரலுக்கு உரியவர், இத்தலைப்பே ஆகாது என்று வெகுண்ட அதே பெரியவர்! அன்று முதல் அச்சிறுவர்களின் விளையாட்டில் ஏரணம் என்னும் சொல் புழங்கி வருகிறது. ஓராண்டு வகுப்பெடுத்தாலும் இது கைகூடியிருக்குமா என்பது ஐயமே.

பிறகு வாதம் சூடேறியது. கிர்க் அணி, 1967 ஏப்ரலில் வந்த ஒரு பகுதியைக் காட்டியது. காலத்தில் பின்னோக்கிச் சென்ற கிர்க், அங்கே ஒரு நற்பெண்ணை விரும்புகிறான். அவள் சாலையில் மாண்டால்தான் வரலாறு நேராகும். அவளைக் காக்கப் பாயும் மருத்துவத் தோழனைக் கிர்க்கே இறுகப் பற்றித் தடுத்துவிடுகிறான். அவ்விடத்தில் ஷாட்னர் முழங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஸ்பாக் அணி, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த வேறொரு பகுதியைக் காட்டியது. தன் கையாலேயே கிர்க்கைக் கொன்றுவிட்டதாக எண்ணிய ஸ்பாக், அவன் உயிரோடு நிற்கக் கண்டதும் தன்னை மறந்து பெயர்சொல்லிக் கூவிச் சிரிக்கிறான். உடனே நாணித் தன் இறுக்கத்துக்குத் திரும்புகிறான்.

நடுவராகிய நமக்கு அங்கே ஓர் உண்மை விளங்கிற்று. முழங்குபவன் அடங்கும் இடத்தில் உயர்கிறான். அடங்கியவன் பொங்கும் இடத்தில் உயர்கிறான். கட்டபொம்மனாய் முழங்கிய சிவாஜி கணேசனே 1985-ஆம் ஆண்டு முதல் மரியாதையில் ஒரு பார்வையால் ஊரை உருக்கவில்லையா? இருவேறு ஆற்றல் அல்ல. ஒரே ஆற்றலின் இரு கரைகள்.

"நம் தமிழில் இவ்வகைக் கதையே இல்லையா?" என்று ஓர் அன்பர் இடைமறித்தார். இருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய என் இனிய இயந்திரா, பின்னர்த் தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. அதில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய் படிக்கும், எள்ளும், வாதாடும். சுஜாதா 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று மறைந்தார். நிமாய் 2015-ஆம் ஆண்டு அதே பிப்ரவரி 27 அன்று மறைந்தார். நாம் வாழும் புனே நகரமும் இதற்குப் புறம்பானதன்று. விண்ணியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் இந்நகரில் ஒரு பெரும் ஆய்வு மையத்தை உருவாக்கியதோடு, மராத்தியில் அறிவியற் புனைகதைகளும் எழுதினார். 2025 மே திங்களில் இங்கேயே மறைந்தார். விண்ணைத் தாய்மொழியில் எண்ணலாம் என்பதற்கு அவரும் சுஜாதாவும் சான்றுகள்.

இனி, அன்றைய நிகழ்ச்சியின் உயிர்நிலைக்கு வருகிறோம். முடிவுரை கூறவந்த அப்பெண், எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டாள். "ஸ்பாக்கை வல்கன் சிறுவர்கள் பாதி மனிதன் என்று எள்ளினார்கள். மனிதர்களோ கூர்ங்காதன் என்று எள்ளினார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் என் தமிழைக் கேட்டு, 'பூனாக்காரி பேசுவதைப் பாருங்கள்' என்று சிரிக்கிறார்கள். இங்கே பள்ளியில் என்னை மதராசி என்கிறார்கள். எனக்கு ஸ்பாக்கைப் பிடிப்பதற்கு நடிப்பு மட்டும் காரணமில்லை" என்று சொல்லி அமர்ந்தாள்.

அன்பர்களே! அவையில் எவரும் கைதட்டவில்லை. அவள் தாய் தலையைக் குனிந்துகொண்டார். பிழைப்புக்காக முளா முட்டா ஆற்றங்கரைக்கு வந்தவர்கள் நாம். பிள்ளைக்கு உணவும் கல்வியும் கொடுத்தோம், தமிழையும் கொடுத்தோம். ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் அவள் தனித்து நிற்பதை நாம் கேட்டறிந்ததே இல்லை. ஒரு கூர்ங்காதனைப் பற்றிப் பேசவிட்டபிறகே அச்சொல் வெளிவந்தது.

தீர்ப்பாக நாம் அன்று ஒரு செய்தியை மட்டுமே சொன்னோம். லெனார்ட் நிமாய் 1931-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். அவர் பெற்றோர் இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். தந்தை முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வீட்டில் புழங்கிய மொழி இத்திஷ். சிறுவனாய்த் தொழுகைக் கூடத்தில் இருந்தபோது, வாழ்த்துரைக்கும் வேளையில் ஏறிட்டுப் பார்க்கலாகாது என்ற கட்டளையை மீறி, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாராம். வாழ்த்துவோர் தம் கைவிரல்களை இரண்டிரண்டாய்ப் பிரித்து உயர்த்தியிருந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, வல்கன் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு வாழ்த்துவர் என்ற கேள்வி எழுந்தபோது, நிமாய் அந்தக் கைமுத்திரையையே காட்டினார். உலகெங்கும் கோடிக்கணக்கான சிறுவர்கள் இன்று விரல்பிரித்துக் காட்டும் விண்வெளி வணக்கம், குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஓரக்கண்ணால் கண்டுவைத்த தன் முன்னோர் வழக்கமே!

அவர் 1975-இல் "நான் ஸ்பாக் அல்லன்" என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். இருபது ஆண்டுக்குப்பின், 1995-இல், "நான் ஸ்பாக்" என்னும் பொருள்பட மற்றொரு நூல் எழுதினார். நம் பிள்ளைகளும் இன்று "நான் அந்த ஊர் அல்லேன்" என்பார்கள். நாளை வேறாகச் சொல்லக்கூடும். அவசரப்படுத்த வேண்டா. கண்டுவைப்பதற்கு ஏதேனும் இங்கே இருந்தால் போதும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டதாகத் தோன்றும்போதுதான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆதலின் நாம் கேட்பது ஒன்றே. திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுதை இளைஞர்களுக்கென்று ஒதுக்குங்கள். தலைப்பை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். மொழி மட்டும் தமிழாக இருக்கட்டும். சொல் தட்டுப்படும்போது எடுத்துக்கொடுக்க முன்வரிசையில் ஒரு பெரியவர் இருக்கட்டும். அதற்கு யார் வருவார் என்று நாம் தேடவேண்டியதில்லை. அன்று ஏரணம் என்ற சொல்லைத் தந்த பெரியவர், அடுத்த பட்டிமண்டபம் எப்போது என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.