கையில் தொழில், நாவில் தாய்மொழி



பொருளியல் நெருக்கடி ஒரு நாட்டைத் தாக்குங்கால் முதலடி இளையோர் வயிற்றில்தான் விழுகின்றது. இறுதியாக வேலைக்கு வந்தவன் முதலில் வெளியேற்றப்படுகின்றான். வேலைக்குக் காத்திருப்பவனோ வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றான். 2013-இல் இசுபெயின் நாட்டில் வேலை தேடிய இளையோருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வேலை கிட்டவில்லை. அத்தகைய வேளைகளில் ஆள்வோர் இளையோர்க்கு அறிவுரை வழங்குவர், விழா எடுப்பர், பொறுப்பை மட்டும் கொடார். கொடுத்தால் என்ன விளையும் என்பதற்குப் பாசுக்கு நாட்டின் மொந்திராகோன் என்னும் சிற்றூர் சான்றாக நிற்கின்றது.

பாசுக்கு மக்கள் தொன்மையான மொழியினத்தார். அவர்தம் எயுசுகரா மொழிக்கு உறவுமொழி இன்னதென்று இன்றுவரை எவரும் நிறுவியதில்லை. உள்நாட்டுப் போரில் 1937-இல் அவர்தம் கெர்னிக்கா நகர் வானூர்திக் குண்டுகளால் எரிந்தது. போரில் வென்ற பிராங்கோவின் வல்லாட்சி, எயுசுகராவைப் பள்ளியினின்றும் பொதுவாழ்வினின்றும் விரட்டிற்று. எஞ்சியவை வறுமையும் அச்சமுமே.

அந்நிலையில் 1941-இல் மொந்திராகோனுக்கு 25 அகவையினரான ஒரு கத்தோலிக்கக் குரு வந்தார். அவர் பெயர் ஒசே மரியா அரிசுமெந்தியர்ரியெத்தா. போர்க்காலத்தில் எயுசுகரா நாளிதழில் எழுதிச் சிறைப்பட்டு மீண்டவர். ஊரிலிருந்த பெருந்தொழிலகத்தின் பயிற்சிப்பள்ளியை எல்லார் பிள்ளைகட்கும் திறக்குமாறு வேண்டினார், மறுக்கப்பட்டது. அவர் மனம் சோர்ந்தாரல்லர். ஊர்மக்கள் பொருளுதவியால் 1943-இல் புதிய தொழிற்பள்ளி தோன்றிற்று.

அப்பள்ளியிற் பயின்றோருட் சிலர் பகலில் உழைத்துக்கொண்டே சரகோசாப் பல்கலைக்கழகத் தேர்வெழுதிப் பட்டம் பெற்றனர். அவருள் ஐவர், ஊர்மக்கள் நம்பிக் கடனாகத் தந்த பணத்தைக்கொண்டு 1956-இல் 'உல்கோர்' என்னும் தொழிலகத்தை மொந்திராகோனில் நிறுவினர். ஐவர் பெயர்களின் எழுத்துகளே அதன் பெயராயின. முதலிற் செய்தது மண்ணெண்ணெய் அடுப்பு. ஆங்கு உழைப்பவரே உடைமையாளர்; ஆளுக்கு ஓர் ஒப்போலை. மிகக் குறைந்த ஊதியத்தின் மும்மடங்குக்கு மேல் எவரும் பெறலாகாது என்பது தொடக்கநாள் நெறி.

1959-இல் மக்கள் சேமிப்பைத் திரட்டும் கூட்டுறவு வைப்பகம் எழுந்தது. ஊரார் சேமிப்பு ஊராரின் தொழிலுக்கே உரமாயிற்று. 1966-இல் 'அலெகோப்' என்னும் மாணவர் கூட்டுறவு பிறந்தது. ஆங்கு மாணவர் அரைநாள் பயின்றனர், அரைநாள் உழைத்தனர். இளையோரை ஈடுபடுத்துதல் என்பதன் உண்மைப் பொருள் இதுவே அன்றோ?

1980-களில் பாசுக்கு நாட்டின் இரும்பாலைகளும் கப்பல் கட்டுந் துறைகளும் நலிந்தன. வேலையின்மை 20 விழுக்காட்டைக் கடந்தது. கூட்டுறவு உறுப்பினரோ, தோழனைத் தெருவில் தள்ளுவதினும் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொள்வதே முறையென முடிவு செய்தனர். வேலை குன்றிய தொழிலகத்தார் வேலை மிக்க தொழிலகத்துக்கு மாற்றப்பட்டனர்.

குறையே இல்லை என்று கூறுவது பொய்யாகும். 1974-இல் உல்கோரிலேயே வேலைநிறுத்தம் மூண்டது. முன்னின்றோர் வெளியேற்றப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்தே மீளச் சேர்க்கப்பட்டனர். உல்கோரின் வழிவந்த பாகோர் வீட்டுப்பொறித் தொழிலகம் 2013-இல் முறிந்தது. ஆயினும், அதன் உறுப்பினருட் பலர்க்கு உடன்பிறந்த கூட்டுறவுகள் வேலை தந்தன. விழாத மரம் உலகில் இல்லை; வேர்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பின் காடு அழிவதில்லை.

தொழில் வளர்ந்த அதே மண்ணில், பெற்றோர் முயற்சியால் எயுசுகரா வழிப் பள்ளிகளும் பெருகின. 1997-இல் தோன்றிய மொந்திராகோன் பல்கலைக்கழகத்தில் அம்மொழி பயிற்றுமொழியாகவும் விளங்குகின்றது. பிழைப்புக்காக ஊரைவிட்டோடும் இளைஞன் மொழியையும் விட்டோடுகின்றான். ஊரிலேயே பிழைப்புக் கண்டவன் நாவில் மொழி தானே வாழ்கின்றது.

இளந்தோழர்களே! மொழிப்பற்று மேடையில் முழங்கி அடங்குவதற்கன்று. கைத்தொழில் ஒன்றைக் கற்க, ஐவராயினும் ஒன்றுகூடுக, ஊரார் நம்பிக்கையை ஈட்டுக. அந்த ஐவர்க்கும் அரசு கைகொடுக்கவில்லை. அவர்தம் ஊர் கைகொடுத்தது. உழைப்பவன் உரிமையுடையவனாகுக! அவன் மொழி அரியணை ஏறுக!