இந்த வயரை யாருடா காப்பாத்துவா?

போன எபிசோட் முடிவுல, "என் பழைய கார்ல ஆடியோ மாத்தப் போறேன், முடிஞ்சதும் கதை சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். முடிஞ்சது. ஆனா நான் சொல்ல நினைச்ச கதை வேற, நடந்த கதை வேற.

புதுசா கேக்கறவங்களுக்காக: நான் இருக்கிறது ஆஸ்டின்ல. என்கிட்ட இருக்கிறது 1995 மஸ்டா மியாட்டா. ரெண்டே சீட், துணி கூரை, கண்ணு மாதிரி மேல எழுந்து வர்ற ஹெட்லைட். என்னை விட வயசுல மூத்த கார். எங்க அப்பா ரெண்டு மாசம் இங்க வந்து இருந்தாங்க. முதல் நாள் அதுல உக்காந்துட்டு, "என்னடா இது, கையை நீட்டினா ரோடு தட்டுப்படுது"ன்னாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். கூரையைத் திறந்துட்டு ஹைவேல போனா காத்துச் சத்தத்துல பாட்டு காணாம போயிடும். முதல்ல அடிபடுறது பேஸ்தான். புது ஹெட் யூனிட் மாட்டினா போதாதா, பெட்டியிலயே 50 வாட்னு போட்டிருக்கேன்னு நீங்க கேக்கலாம். ஒரு சின்ன கணக்கு. எஞ்சின் ஓடும்போது கார்ல கிடைக்கிறது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். வோல்ட்டேஜை வர்க்கம் பண்ணி 4-ஆல வகுத்தா 52 வாட். அந்த 50 இங்கிருந்துதான் வருது. அதாவது வால்யூமை முழுசா ஏத்தி, அலை மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு, சத்தம் கிழியற நிலைமையோட கணக்கு அது. சுத்தமான அலைக்கு அதுல பாதிதான், 26. இழப்பு எல்லாம் போக, கையில நிக்கிறது 20 வாட் பக்கம். அதனாலதான் தனி ஆம்ப் வாங்கினேன். நாலு சேனல், ஒவ்வொண்ணும் 45 வாட்.

இந்தக் கார்ல பேட்டரி முன்னாடி பானட்டுக்குள்ள இல்ல, பின்னாடி டிக்கியில இருக்கு. எனக்கு முன்னாடி இதை வெச்சிருந்தவர் யாரோ ஒருத்தர் ஏற்கெனவே ஒரு ஆம்ப் போட்டு, கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கார். ஆனா பேட்டரியில இருந்து சீட்டுக்குப் பின்னாடி வரைக்கும் போற தடி வயரை மட்டும் அப்படியே விட்டிருந்தார். ஒரு ஆடியோ கடையில காட்டினேன். "வயர்தான் ரெடியா இருக்கே, அதுலயே கோத்துடுங்க"ன்னு சொன்னாங்க. எனக்கும் சந்தோஷம். ஆபீஸ்ல யாரோ எழுதிட்டுப் போன கோடை, ஓடுதேன்னு திறந்துகூட பாக்காம கூப்பிடுவோம்ல, அதே சந்தோஷம்.

சனிக்கிழமை காலையில கராஜ்ல ஆரம்பிச்சேன். அப்பா காபி டம்ளரோட ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தாங்க. அவங்க மின்வாரியத்துல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நான் இன்ஜினியரிங் படிச்சவன். "அப்பா, இது 12 வோல்ட்தான், ஷாக் அடிக்காது"ன்னு அவங்களுக்கே பாடம் எடுத்தேன். அவங்க ஒண்ணும் சொல்லல. டிக்கியை மட்டும் எட்டிப் பாத்துட்டுக் கேட்டாங்க.

"ஃபியூஸ் எங்கடா?"

"ஆம்ப்லயே இருக்குப்பா."

"அது ஆம்ப்பைக் காப்பாத்தும். இந்த வயரை யாருடா காப்பாத்துவா?"

என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பாருங்க. பேட்டரியில இருந்து ஆம்ப் வரைக்கும் அந்த வயர்ல எப்பவும் கரண்ட் நிக்குது, சாவியை எடுத்தாலும் நிக்குது. நடுவுல எங்கயாவது காப்பர் பாடியைத் தொட்டா, ஆம்ப்ல இருக்கிற ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. கார் பேட்டரியால நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட முடியும். ஷாக் அடிக்காதுதான். ஆனா வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துடும்.

"முழுசா உருவிப் பாரு"ன்னாங்க. உருவினேன். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கிற தகட்டுல யாரோ ட்ரில் போட்டு ஓட்டை போட்டிருக்காங்க. ஓட்டையோட விளிம்புல ரப்பர் வளையம் கிடையாது. அந்த இடத்துல வயரோட மேல்தோல் தேஞ்சு, உள்ள செம்பு மினுக்குது. நான் சின்ன ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கின ஒவ்வொரு தடவையும் அது தேஞ்சிருக்கு. மியாட்டால பெட்ரோல் டேங்க் இருக்கிறதும் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுலதான். முந்தின வாரம்தான் அப்பாவை அதே சீட்ல உக்கார வெச்சு அறுபது மைல் ஓட்டியிருந்தேன்.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அப்பா, "முதல்ல நெகட்டிவைக் கழட்டு"ன்னாங்க. ஏன் நெகட்டிவ் முதல்ல? பாசிட்டிவைக் கழட்டும்போது ஸ்பேனர் பாடியில பட்டா அதுவே ஷார்ட். நெகட்டிவைக் கழட்டிட்டா பட்டாலும் பயமில்ல.

அன்னிக்கு பிளானே மாறிச்சு. ஆம்ப்பை சீட்டுக்குப் பின்னாடி வைக்கல, டிக்கியிலயே வெச்சேன். பவர் வயர் மொத்தமே 2 அடி. தகடு எதையும் தாண்டல. பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துல 30 ஆம்பியர் ஃபியூஸ். துணி கூரை கார்ல தண்ணி இறங்கும்னு ஆம்ப்பைத் தரையில வைக்காம பக்கச் சுவர்ல நிமித்தி மாட்டினேன். காரோட சொந்த வயரிங்ல ஒரு வயரைக்கூட வெட்டல. அடாப்டர் போட்டு சொருகினேன். நாளைக்கு இதை வாங்கப்போறவர் என்னைத் திட்டக்கூடாது இல்ல?

கதவு ஸ்பீக்கர் மாட்டினப்போ ரெண்டு விஷயம் கத்துக்கிட்டேன். ஒண்ணு, கண்ணாடியை முழுசா இறக்கிப் பாத்துட்டுத்தான் ஸ்பீக்கரை முடுக்கணும். இல்லன்னா இறங்கற கண்ணாடி காந்தத்துல இடிக்கும். ரெண்டு, கதவுத் தகட்டுல இருக்கிற பெரிய ஓட்டைகளை அடைக்கணும். ஸ்பீக்கரோட பின்பக்கச் சத்தம் அந்த வழியா முன்னாடி வந்து பேஸை அடிச்சு நிறவிடும். அடைச்சதுக்கு அப்புறம் கிடைச்ச பேஸ், ஆம்ப்புக்குக் கொடுத்த காசை விடப் பெருசு.

ஸ்டார்ட் பண்ணினா, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல "நுய்ய்ய்"னு ஒரு சத்தம் ஏறுது. இந்தத் தடவை நானே சொல்லிட்டேன், "எர்த்து சரியில்லப்பா." ஆம்ப்போட எர்த் வயரை பெயின்ட் மேலயே முடுக்கியிருந்தேன். உப்புத்தாள் வெச்சு வெறும் இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு முடுக்கினேன். சத்தம் நின்னுச்சு.

சாயங்காலம் கூரையைத் திறந்துட்டுக் கிளம்பினோம். ஹெட்ரெஸ்ட்ல காதுக்குப் பக்கத்துலயே குட்டி ஸ்பீக்கர் இருக்கறதால, காத்தை மீறியும் இளையராஜா தெளிவா கேட்டார். அப்பா ரெண்டு பாட்டு கண்ணை மூடிக் கேட்டாங்க. பாராட்டப் போறாங்கன்னு நினைச்சேன்.

"சத்தம் நல்லாருக்கு. ஸ்பேர் ஃபியூஸ் வாங்கி வெச்சியா?"

வாங்கல. திரும்பற வழியில வாங்கினோம்.

மக்களே, உங்க கார்லயோ உங்க வீட்டு கார்லயோ தனியா ஆம்ப் போட்டிருந்தா, இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து கூடுதலா கிளம்பற வயரைக் கண்ணால தொடர்ந்து போங்க. ஒரு சாண், ரெண்டு சாணுக்குள்ள ஃபியூஸ் இல்லன்னா, அதைப் போடற வரைக்கும் அந்த வயரைக் கழட்டி வெச்சிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.