மொழி வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளியில் ஒரு மொழியைப் படிக்கும் பிள்ளையிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம், எவ்வளவு காலத்தில் எதிர்பார்க்கலாம் என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. நேராகத் தமிழ் வகுப்பைப் பற்றியே பேசலாம். ஆனால் நம் வீட்டு விஷயம் என்றால் நமக்குச் சட்டென்று சூடு ஏறிவிடும். ஆசிரியர் பெற்றோரைச் சொல்வார், பெற்றோர் ஆசிரியரைச் சொல்வார், நடுவில் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதனால் முதலில் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்போம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் ஸ்பானிய மொழி வகுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் மிக அதிகமாகப் படிக்கும் அயல்மொழி ஸ்பானியம்தான். 2017ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, அங்கு ஆங்கிலம் அல்லாத மொழியைப் படித்த ஏறக்குறைய 10.6 மில்லியன் மாணவர்களில் 7 மில்லியனுக்கும் அதிகமானோர் ஸ்பானியம் படித்தார்கள். வீட்டில் ஸ்பானியம் பேசுவோர் மட்டும் அந்நாட்டில் 40 மில்லியனைத் தாண்டுகிறார்கள். கடையில், தெருவில், தொலைக்காட்சியில் என்று எங்கும் காதில் விழும் மொழி அது. அப்படியிருந்தும், 'பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானியம் படித்தேன், ஒரு வாக்கியம் பேச வரவில்லை' என்று சொல்லும் அமெரிக்கர்கள் ஏராளம். இந்தக் குறையை நாம் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறது, இல்லையா?

முதல் நாள் கொடுக்கும் தாள்

அங்கே பள்ளி திறந்த முதல் வாரத்தில் மொழி ஆசிரியர் மாணவரிடம் ஒரு தாளைக் கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டு என்ன கற்போம், மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும், வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். பல பள்ளிகளில் பெற்றோரும் அதில் கையெழுத்திட வேண்டும். வகுப்பில் முடிந்தவரை ஸ்பானியத்திலேயே பேச வேண்டும், தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, மற்றவர் தப்பைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும் என்பவை சாதாரணமாகக் காணப்படும் விதிகள். அகராதி பார்க்கலாம், ஆனால் முழுக் கட்டுரையையும் கணினியிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கக் கூடாது என்ற விதியும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது.

இதில் ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு. வகுப்பு நேரத்தில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ கற்பிக்கும் மொழியிலேயே பேசவேண்டும் என்பது அமெரிக்க வெளிநாட்டு மொழி கற்பித்தல் மன்றம் 2010ஆம் ஆண்டில் விடுத்த பரிந்துரை. ஸ்பானிய வகுப்பை ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, பிள்ளைக்கு ஸ்பானியம் வரவில்லை என்று சொல்ல ஆசிரியருக்கு வழியில்லை.

மணிக்கணக்கு சொல்லும் உண்மை

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்கப் பள்ளி ஆண்டுக்குச் சுமார் 180 நாள் நடக்கிறது. நாளுக்கு 50 நிமிடம் ஒரு பாடம் என்று வைத்தால், ஆண்டுக்கு 150 மணி நேரம். நான்கு ஆண்டும் விடாமல் படித்தால் 600 மணி நேரம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் ஒரு கழகத்தை நடத்துகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் ஸ்பானியத்தில் அலுவலகப் பணி செய்யும் அளவுக்குத் தேற ஏறக்குறைய 600 முதல் 700 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அதன் கணக்கு. அந்த அதிகாரிகள் வயது வந்தவர்கள். சிறு சிறு குழுக்களாக முழுநேரமும் அதே வேலையாகப் படிப்பவர்கள். முப்பது பேர் இருக்கும் வகுப்பில், கணிதத்துக்கும் கூடைப்பந்துக்கும் நடுவில் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை அதே 600 மணி நேரத்தில் அதே தேர்ச்சியை அடையுமா? அடையாது. அது பிள்ளையின் குற்றமும் இல்லை.

இன்னொரு செய்தி. அதே கழகம் தமிழுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறது தெரியுமா? ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல். தமிழைக் கடினமான மொழிகளின் வரிசையில்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் தமிழ்ப் பிள்ளையை, 'இதுகூட வராதா?' என்று கேட்கும்முன் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

மதிப்பெண்ணா, செயலா?

சரி, அப்படியானால் எதைத்தான் எதிர்பார்ப்பது? நான் சொன்ன அந்த மன்றம் 1986ஆம் ஆண்டில் தேர்ச்சி நிலைகளை வகுத்து வெளியிட்டது. பிறகு பலமுறை திருத்தியும் இருக்கிறது. எத்தனை பாடம் முடித்தாய் என்று அது கேட்பதில்லை. உன்னால் என்ன செய்ய முடியும் என்றுதான் கேட்கிறது.

தொடக்க நிலையில் உள்ளவர் மனப்பாடமான சொற்களையும் சொற்றொடர்களையும் வைத்து வணக்கம் சொல்வார், பெயரும் வயதும் சொல்வார், உணவு கேட்டு வாங்குவார். இடைநிலையில் இருப்பவர் சொந்தமாக வாக்கியம் அமைப்பார், கேள்வி கேட்பார், பதில் சொல்வார். மேல்நிலைக்கு வந்தவர் நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் கோவையாக விவரிப்பார். நான்கு ஆண்டு ஒழுங்காகப் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர் இடைநிலையின் கீழ்ப்படியிலோ நடுப்படியிலோ நிற்பார் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. அதாவது அவரால் மெக்சிகோவுக்குப் போய் வழி கேட்க முடியும், கடையில் பேச முடியும், தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல முடியும். நாவலும் நாளிதழ்த் தலையங்கமும் தடையின்றிப் படிக்க இன்னும் காலம் வேண்டும்.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி

நம் பிள்ளைகளுக்கும் இதில் வாய்ப்பு உண்டு. சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் மொழி நிலையம் 2014 முதல் ஸ்பானியத்தை மூன்றாம் மொழியாகக் கற்பித்து வருகிறது. தமிழ் தெரிந்த பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்தால் சில விஷயங்கள் எளிதாகவே புரியும்.

ஸ்பானியத்தில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை தடுமாறும். நமக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். நான், நாம் என்று தனியாகச் சொல்லாமலே வினைச்சொல்லின் விகுதியில் ஆள் தெரிந்துவிடும். 'மே குஸ்தா' என்பது நம் 'எனக்குப் பிடிக்கும்' போன்ற அமைப்புதான். 'எனக்கு' என்று தொடங்கும் இந்த வாக்கியம் ஆங்கிலப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். மேசையை அவர்கள் 'மேசா' என்கிறார்கள். நம் மேசை போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த சொல்.

ஆனால் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று சொல்லும்போது நாமும் விழிக்கத்தான் வேண்டும். அது நமக்கு உழைப்பு கேட்கும் இடம்.

வீட்டு மொழிக்கு மதிப்பு

எனக்கு முக்கியமாகப் படும் பகுதி இதுதான். அந்த வகுப்பில் எல்லாரும் ஸ்பானியத்துக்குப் புதியவர்கள் அல்லர். பாட்டியோடு ஸ்பானியத்தில் பேசி வளர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். பேச்சு புரியும், எழுத வராது. மதிய உணவை 'லோஞ்சே' என்பார்கள். அது ஆங்கிலம் கலந்த சொல். புத்தகத்தில் 'அல்முவேர்சோ' என்று இருக்கும்.

ஒரு காலத்தில், டெக்சஸ் போன்ற மாநிலங்களில், பள்ளியில் ஸ்பானியம் பேசியதற்கே பிள்ளைகளைத் தண்டித்தார்கள். பிறகு ஸ்பானிய வகுப்பு வந்தபோது, 'நீ பேசுவது ஸ்பானியமே அல்ல' என்று ஆசிரியரிடம் கேட்க நேர்ந்தது. இரண்டு பக்கமும் அடிபட்ட பிள்ளை அந்த மொழியைப் பேசாமலே விட்டுவிடும். தன் பிள்ளைக்கும் சொல்லித் தராது. இப்படித்தான் ஒரு குடும்பத்திலிருந்து மொழி வெளியேறுகிறது.

இன்று பல பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு நடக்கிறது. வீட்டுச் சொல் வீட்டுக்கு, ஏட்டுச் சொல் ஏட்டுக்கு, இரண்டும் உனக்கு வேண்டும் என்று அங்கே கற்பிக்கிறார்கள். கலிஃபோர்னியா 2011இல் ஒரு சட்டம் இயற்றி, இரு மொழிகளில் தேர்ந்த மாணவரின் பள்ளிச் சான்றிதழில் இருமொழி முத்திரை வழங்கத் தொடங்கியது. பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. தமிழில் தேர்வெழுதி அந்த முத்திரையைப் பெற்ற பிள்ளைகளும் அங்கு உண்டு.

நாம் செய்யக்கூடியது

இங்கேயும் 2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாதை போடப்பட்டிருக்கிறது. நடப்பது நம் கையில் இருக்கிறது.

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள். அடுத்த முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது, 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்ட கையோடு, 'இந்த ஆண்டு முடிவில் என் பிள்ளையால் தமிழில் என்ன செய்ய முடியும்?' என்றும் கேளுங்கள். பிள்ளை ஆங்கிலம் கலந்து பேசினால், பேச்சை நிறுத்தித் திருத்தாதீர்கள். பதிலில் சரியான சொல்லை நீங்கள் சொல்லுங்கள். அது தானாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, தினமும் பதினைந்து நிமிடம். சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, தமிழில் பேசுங்கள். ஆண்டுக்கு அது 90 மணி நேரத்துக்கு மேல் வரும். எந்தப் பள்ளியும் பாட அட்டவணையில் சேர்க்க முடியாத 90 மணி நேரம் அது.