கற்பிக்கும் செய்யுள் கற்பித்தது



பாட்டு என்றதும் இயற்கையும் காதலும் வீரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு துறையைக் கற்பிப்பதற்கென்றே எழுந்த செய்யுள்களும் தமிழில் உண்டு. அவற்றுள் புகழ் பெற்ற நன்னூல் நமது கொங்கு நாட்டோடு தொடர்புடையது. அதனை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊராகிய சனகை, பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்று அறிஞர் பலர் கொள்வர். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனாகிய சீயகங்கன் வேண்ட, அவர் அந்நூலைச் செய்தார்.

நூலுக்குக் குற்றம் பத்து, அழகு பத்து என்று வகுக்கிறார் பவணந்தியார். குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். இவ்விரண்டையும் நான் பள்ளியிலேயே மனப்பாடம் செய்து ஒப்பித்தவன். ஆயினும், இவற்றினிடையே உள்ள வேறுபாடு எனக்கு விளங்கியது, நானே ஒரு செய்யுள் எழுதப் புகுந்தபோதுதான்.

மஞ்சள் பயிரிடும் முறையைச் சிறுவர்க்குச் சொல்லும் பாட்டு அது. 'வாரம் ஒருமுறை நீர் பாய்ச்சுக' என்னும் கருத்தை ஓர் அடியில் அடக்கினேன். எதுகையும் மோனையும் இனிதாக அமைந்தன. மகிழ்ச்சியோடு, உழவராகிய என் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "தம்பி, செம்மண் காட்டுக்கும் கரிசல் காட்டுக்கும் ஒரே கணக்கா?" என்று கேட்டார்.

நான் திகைத்தேன். செம்மண் விரைவில் காயும். கரிசல் ஈரத்தை நெடுநாள் காக்கும். கரிசலில் மழை பெய்த மறுநாளும் வாரக் கணக்குப் பார்த்து நீர் விட்டால், தேங்கிய நீரில் மஞ்சட் கிழங்கு அழுகிவிடும். என் அடி சுருங்கியிருந்தது, ஆனால் குன்றியுமிருந்தது. அதை நம்பிய சிறுவன் ஒருவன் பயிரை இழக்கவும் கூடும்.

இரு மண்ணுக்கும் இரு கணக்கு எழுதினேன்; பாட்டு நீண்டதேயன்றித் தெளியவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் வேறு கணக்கு வேண்டியிருந்தது. அப்போது பெரியப்பா குனிந்து, வேரடி மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்தார். எனக்கு வேண்டிய சொல் அவர் கையில் இருந்தது! நாளை எண்ணாதே, மண்ணைத் தொட்டறிந்து நீர் விடு என்று அடியை மாற்றினேன். முன்பிருந்த எதுகை போயிற்று, பொருள் வந்தது. நீரைப் பற்றி எழுதத் தொடங்கிய நான், மண்ணைப் பற்றி அறிந்துகொண்டேன்.

ஆசிரியர் சொன்னதை நன்கு ஏற்றுக்கொண்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைப்பதால் வருவது என்கிறது நன்னூல். அந்த அரைப் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அன்று கண்டேன்.

நீங்களும் நன்கு அறிந்ததாக எண்ணும் ஒன்றை நான்கு அடிகளில் எழுதிப் பாருங்கள். அத்தொழில் அறிந்தாரிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால் வருந்தாதீர்கள், திரும்ப எழுதுங்கள்.