293318625600: ஓர் உயர் பகு எண்ணின் அமைப்பு

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்னும் எண்ணுக்கு 5,040 காரணிகள் உண்டு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இப்படித் தனக்கு முந்திய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சி நிற்பதே உயர் பகு எண். 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இதில் மீதி வராது; 23ஆல் வகுக்கும்போதுதான் முதன்முறையாக மீதி வருகிறது.

எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் அதன் கட்டமைப்பு விளங்கும்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்க, 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. அடுக்குகள் இறங்குவரிசையில் அமைந்திருப்பது தற்செயல் அன்று. 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை மாற்றி 2⁴ × 3⁶ என வைத்தால் காரணிகள் அதே 5,040தான். எண்ணோ இரண்டே கால் மடங்காகிவிடும். ஆகவே எந்த உயர் பகு எண்ணிலும் பெரிய பகா எண்ணின் அடுக்கு, சிறியதன் அடுக்கை மிஞ்சாது. அதே காரணத்தால் இடையில் ஒரு பகா எண்ணும் விடுபடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு. 5,040 என்பதும் ஓர் உயர் பகு எண்ணே. அதற்கு 60 காரணிகள். அந்த 60உம் அவ்வகையினதே.

அடுத்த உயர் பகு எண்ணுக்குச் செல்லும் வழி இன்னும் அழகானது. 3இல் ஒன்றும் 7இல் ஒன்றும் கழற்றப்படுகின்றன. அதாவது எண் 21ஆல் வகுக்கப்படுகிறது. பின்பு 23 உள்ளே வருகிறது. எண் 23/21 மடங்காக, சிறிதளவே வளர்ந்து 321253732800 ஆகிறது. காரணிகளோ 5,376 ஆகின்றன. புதிய பகா எண்ணைச் சேர்த்தால் காரணிகள் இரட்டிக்கும். பழைய அடுக்குகளைக் குறைத்தால் அவை குறையும். இந்த வரவுசெலவைத் துல்லியமாகக் கணிப்பதே இத்துறையின் உயிர்.

இதற்கு முழுமையான கோட்பாட்டை வகுத்தவர் சீனிவாச ராமானுஜன். 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரை, 6746328388800 வரை 102 உயர் பகு எண்களைப் பட்டியலிடுகிறது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இந்த ஆய்வுக்காகவே. அப்பட்டியலில் விடுபட்ட ஒரே எண் 293318625600. அட்டவணையின் இறுதி எண் சரியாக இதன் 23 மடங்கு என்பது குறிப்பிடத்தக்கது. அதன் காரணிகள் 10,080. விடுபாடு கோட்பாட்டைச் சிறிதும் பாதிக்கவில்லை, ஏனெனில் அதன் நிறுவல்கள் பட்டியலைச் சார்ந்தவை அல்ல. அன்று கழகத்தின் பணநெருக்கடியால் அச்சேறாமல் நின்ற பிற்பகுதி, நிக்கோலா, ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல் ‘ராமானுஜன் ஜர்னல்’ இதழில் வெளியாயிற்று.